திரையிலிருந்து மேடைக்கு: ஒரு காதல் நகைச்சுவையை மொழி மாற்றி நாடகமாக்குவது எப்படி?

பழைய காதல் நகைச்சுவைப் படத்தை மேடையேற்ற நினைக்கும் குழுக்கள் பெரும்பாலும் வசனத்திலிருந்துதான் வேலையைத் தொடங்குகின்றன. படத்தை நிறுத்தி நிறுத்தி எழுதி, மொழிபெயர்த்து, நேராக ஒத்திகைக்குப் போய்விடுகிறார்கள். மூன்றாவது வாரம் பார்த்தால் சிரிப்பு வரவேண்டிய இடமெல்லாம் அமைதியாக இருக்கிறது. இந்த வகைக் கதையை ஓட்டுவது வசனம் இல்லை, யாருக்கு எது எப்போது தெரியவருகிறது என்கிற கணக்கு. அந்தக் கணக்கு சரியாக இருந்தால் சுமாரான மொழிபெயர்ப்பு கூடத் தாங்கும். அது கலைந்துவிட்டால் எவ்வளவு நல்ல தமிழும் கைகொடுக்காது.

இதை விளக்க ஒரே கதையை எடுத்துக்கொள்வோம். 1937இல் புடாபெஸ்ட்டில் மேடையேறிய ஹங்கேரிய நாடகம் 'இல்லத்ஸெர்தார்'. வாசனைப் பொருள் கடை என்று பொருள். எழுதியவர் மிக்லோஷ் லாஸ்லோ. அதை வைத்து எர்ன்ஸ்ட் லூபிச் 1940இல் ஆங்கிலத்தில் எடுத்த படம் 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்'. 1949இல் அதே கதை சிகாகோ இசைக்கடைக்குப் போய் இன்னொரு படமானது. 1963இல் 'ஷி லவ்ஸ் மீ' என்ற பெயரில் பிராட்வே இசைநாடகமாக மேடைக்கே திரும்பியது. 1998இல் மின்னஞ்சல் காலத்துப் படமாகவும் வந்தது. ஒரு கதை இத்தனை முறை இடம் மாறியிருக்கும்போது, எது மாறலாம், எது மாறக்கூடாது என்பதை நாம் ஊகிக்கத் தேவையில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

கதை இதுதான். ஒரே கடையில் வேலை செய்யும் ஆணும் பெண்ணும் நேரில் எலியும் பூனையுமாகச் சண்டை போடுகிறார்கள். அதே இருவர், பெயர் சொல்லாமல் அஞ்சல் பெட்டி வழியாகக் கடிதம் எழுதிக் காதலிக்கிறார்கள். பாதியில் அவனுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. அவளுக்குத் தெரியாது.

முதலில் உரிமை

எந்த வடிவத்தைத் தழுவுகிறீர்கள் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் நாடகம், படம், இசைநாடகம் மூன்றுக்கும் உரிமையாளர்கள் வேறு வேறு. நாயகி உடம்பு சரியில்லாமல் படுத்திருக்க, நாயகன் வெனிலா ஐஸ்கிரீம் வாங்கிப் போய்ப் பார்ப்பது இசைநாடகத்தில் வருகிறது. லூபிச் படத்தில் அந்த இடத்தில் ஐஸ்கிரீம் கிடையாது, அவன் கண்ணெதிரே அவளுக்கு ஒரு கடிதம் வந்து சேர்கிறது. நாடகத்துக்கு உரிமை வாங்கிவிட்டு, நன்றாக இருக்கிறதே என்று இசைநாடகத்துக் காட்சியைச் சேர்த்தால் சிக்கல்தான்.

'படம் பழசு, காப்புரிமை தீர்ந்திருக்கும்' என்பது அடிக்கடி நடக்கும் தவறு. இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்கு 60 ஆண்டு. ஆனால் எழுத்துப் படைப்புக்கு எழுதியவர் ஆயுள், அதற்கு மேல் 60 ஆண்டு. லாஸ்லோ இறந்தது 1973இல், எனவே கணக்கு 1974இல்தான் தொடங்குகிறது. படச்சுருளின் காலம் முடிந்தாலும் அடியில் இருக்கும் நாடகமும் திரைக்கதையும் தனித்தனி. 'ஷி லவ்ஸ் மீ'க்கு மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் நிறுவனம் அனுமதி தருகிறது. கேட்கும்போது நடத்தும் உரிமை, மொழிபெயர்க்கும் உரிமை இரண்டையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். முதலாவது கிடைத்ததால் இரண்டாவதும் கிடைத்துவிட்டதாக ஆகாது. பதில் வர மாதக்கணக்காகலாம் என்பதால், அது கைக்கு வரும்வரை அரங்கத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

தெரிந்தது, தெரியாதது: ஒரு தாள்

வசனம் எழுதும் முன் ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: பார்வையாளர், அவன், அவள், கடையில் இருக்கும் மற்றவர்கள். ஒவ்வொரு காட்சி முடிவிலும் யாருக்கு என்ன தெரியும் என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு காட்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் நான்கு கட்டமும் அப்படியே இருந்தால், அந்தக் காட்சியை வெட்டலாம், அல்லது பக்கத்துக் காட்சியோடு சேர்க்கலாம். 99 நிமிடப் படத்தில் இருக்கும் சின்னச் சின்ன இடமாற்றங்களில் பாதி இப்படித்தான் உதிரும்.

இந்தக் கதையில் தாளின் நடுவே ஒரு கோடு விழும். அதுதான் காபிக்கடைக் காட்சி. கோட்டுக்கு முன்னால் இருவருக்கும் தெரியாது. கோட்டுக்குப் பின்னால் அவனுக்கு மட்டும் தெரியும். தமிழ்ப் பார்வையாளருக்கு முகம் பார்க்காத கடிதக் காதல் என்றதும் 1996இல் வந்த 'காதல் கோட்டை' நினைவுக்கு வரும். ஆனால் அங்கே கடைசி வரை இருவருக்கும் தெரியாது, அதனால் அதை ஓட்டுவது ஏக்கம். இங்கே பாதியிலேயே ஒருவனுக்குத் தெரிந்துவிடுவதால் பின்பாதி வேறு சுவைக்குப் போகிறது. அவன் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு அர்த்தத்தில் விழும். இந்த வித்தியாசம் இயக்குநரின் மனதில் தெளிவாக இல்லாவிட்டால், பின்பாதியிலும் அவனை ஏங்க வைத்துவிடுவார். நகைச்சுவை அங்கேயே செத்துவிடும்.

முதலாளியின் துணைக்கதையில் கைவைக்காதீர்கள். நேரம் குறைக்க எல்லோரும் முதலில் வெட்டுவது இதைத்தான். தன் மனைவிக்குக் கடையில் யாரோ ஒருவனோடு தொடர்பு என்று முதலாளிக்குச் சந்தேகம். அது நாயகன்தான் என்று தவறாக நினைத்து அவனை வேலையிலிருந்து நீக்குகிறார். அதே நாள் மாலைதான் அவன் கடிதக்காரியைக் காபிக்கடையில் சந்திக்க வேண்டும். வேலை போன கூச்சத்தில் உள்ளே போகத் தயங்கி, நண்பரை ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொல்கிறான். முதலாளி கதையை எடுத்துவிட்டால் அவன் ஜன்னலுக்கு வெளியே நிற்கக் காரணமே இல்லை. வேண்டுமானால் சுருக்குங்கள்: சந்தேகம் ஒரு இடம், நீக்கம் ஒரு இடம், உண்மை தெரிந்து முதலாளி தற்கொலைக்குத் துணியும் இடம் ஒன்று. மூன்றும் சேர்ந்து 12 நிமிடத்துக்குள் அடங்கும். துப்பாக்கிச் சத்தத்துக்கு ஒலிப்பதிவே போதும். குளிர்சாதன அரங்கில் வெடி வைத்தால் புகை எச்சரிக்கை மணி அடித்து நாடகம் நின்றுவிடும்.

க்ளோஸ்அப்பை எப்படி மேடையேற்றுவது?

படத்தில் மறக்க முடியாத ஒரு காட்சி. அஞ்சல் நிலையத்தில் 237ஆம் எண் பெட்டி. உள்ளே இருந்து கேமரா பார்க்கிறது. கையுறை போட்ட கை உள்ளே நுழைந்து, மூலை மூலையாகத் தடவி, ஒன்றுமில்லாமல் நிற்கிறது. பிறகு துளை வழியே அவள் முகம் தெரிகிறது. வசனமே இல்லை. மேடையில் அவளைப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தினால் பார்வையாளர் பார்ப்பது அவள் முதுகைத்தான்.

பெட்டிச் சுவரைத் திருப்பி வையுங்கள். 6 அடி உயரம், 4 அடி அகலத்தில் 2க்கு 1 அங்குல ரீப்பர் மரச்சட்டம், முகப்புக்கு 6 மி.மீ. பிளைவுட். அதில் 8க்கு 6 அங்குலத் துளைகள். பின்பக்கத் தகடு வேண்டாம். நடிகை சுவருக்குப் பின்னால் நின்று, கையைப் பார்வையாளரை நோக்கி நீட்ட வேண்டும். அவள் பெட்டியின் துளை அவள் கண் மட்டத்தில் இருக்கட்டும். கை வெளியே வந்து தடவும்போது முகம் தெரியக்கூடாது. கையை இழுத்த பிறகு, மனதுக்குள் நான்கு எண்ணிக்கை, அப்புறம் முகம். அந்த ஒரு துளைக்கு மட்டும் எதிரே பால்கனியிலிருந்து ஒரு சின்ன ஸ்பாட் லைட், சுற்றிலும் இருட்டு. சட்டத்துக்குப் பின்னால் இரண்டு முட்டுக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மணல் மூட்டை வையுங்கள். இல்லாவிட்டால் கை படும்போது சுவர் ஆடும், ஆடினால் சிரிப்பார்கள். கையுறை வெளிர் நிறமாக இருந்தால் கடைசி வரிசைக்கும் தெரியும். கதையை நம் ஊருக்கு மாற்றியிருந்தால் கையுறை இருக்காது. இரண்டு கண்ணாடி வளையல் போடுங்கள். வளையல் பிளைவுட்டில் உரசும் சத்தம், கடிதம் இல்லை என்பதைக் காதுக்கும் சொல்லிவிடும்.

முகத்தின் அமைதியை மேடைக்குக் கொண்டுவர இன்னொரு வழி, பாத்திரம் நேராகப் பார்வையாளரிடம் பேசுவது. 'தி அபார்ட்மென்ட்' படத்தை நீல் சைமன் 1968இல் 'பிராமிசஸ், பிராமிசஸ்' என்ற இசைநாடகமாக்கியபோது இப்படித்தான் நாயகனைச் சபையோடு பேசவிட்டார். தனிமையில் வாடும் ஒருவனுக்கு அது பொருந்தும். நம் கதைக்குப் பொருந்தாது, ஏனென்றால் மனம் திறக்கும் இடம் கடிதம். சபையிடமும் மனம் திறந்துவிட்டால் கடிதத்துக்கு மதிப்பு போய்விடும்.

மொழி: தமிழுக்குக் கிடைக்கும் வரம்

ஹங்கேரிய மொழியில் மரியாதையாக அழைக்க ஒரு சொல், நெருக்கமாக அழைக்க இன்னொரு சொல் உண்டு. ஆங்கிலத்துக்குப் போனபோது அந்த வேறுபாடு தொலைந்தது. தமிழுக்கு வரும்போது 'நீங்க'வும் 'நீ'யும் அதைத் திருப்பித் தருகின்றன. ஆனால் அவசரப்பட்டுச் செலவழிக்காதீர்கள். சண்டையின் சூட்டில் அவன் 'நீ' என்று பேசினால், கூட வேலை செய்யும் பெண்ணை மட்டம் தட்டுகிறவனாகத் தெரிவான், சபை அவனை மன்னிக்காது. நாடகம் முழுக்க 'நீங்க'தான். மாற்றம் கடைசிக் காட்சியில் ஒரே முறை, அதுவும் அவள் வாயிலிருந்து முதலில் வந்தால் அழகு.

பால் குறிப்பு அடுத்த கண்ணி. ஹங்கேரியத்தில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் 'வந்தான்', 'வந்தாள்' என்று வினையே காட்டிக்கொடுத்துவிடும். கடிதங்களில் கவலை இல்லை, தன்மையிலும் முன்னிலையிலும் பால் வராது: 'எழுதினேன்', 'படித்தீர்களா'. விளிக்கும்போது தோழர், தோழி இரண்டையும் விட்டுவிட்டு 'அன்புள்ள நண்பருக்கு' என்று போடுங்கள். கடையில் மூன்றாம் ஆளிடம் கடிதக்காரரைப் பற்றிப் பேசும்போதுதான் கவனம் வேண்டும். பேச்சுத் தமிழில் 'அவரு' என்றால் ஆண், 'அவங்க' என்றால் பெரும்பாலும் பெண். மறைக்க வேண்டிய இடங்களில் ஆளை விட்டுக் கடிதத்தை எழுவாயாக்குங்கள்: 'நேத்து லெட்டர் வந்துச்சு, அதுல ஒரு வரி இருக்கு பாருங்க.'

எல்லாவற்றையும் விடப் பெரிய வரம் எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறாக இருப்பது. ஒரே ஆள் கடிதத்தில் ஒருவராகவும் கடையில் வேறொருவராகவும் இருப்பதுதான் இந்தக் கதை. அதை நம் மொழி இயல்பாகவே செய்கிறது. கடிதத்தில்: 'நேற்று முழுக்க மழை. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். குடை இருந்தும் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனேன்.' அடுத்த நிமிடம் கடையில், அதே வாய்: 'யாரு இந்தக் குடையை உள்ள வெச்சது? தரை பூரா தண்ணி!' இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள், விளக்கமே தேவையில்லை.

கடிதத் தமிழில் விழும் தவறு அலங்காரம். 'உன்னத உள்ளமே', 'இதயத்தின் ஓசை' என்றெல்லாம் போனால் மேடைப் பேச்சு போலவோ கல்யாணப் பத்திரிகை போலவோ ஆகிவிடும். வாக்கியம் பத்துச் சொல்லைத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு கடிதத்திலும் கையால் தொடக்கூடிய ஒரு பொருளாவது இருக்கட்டும்: மழை, குடை, டிராம், பாதி படித்த புத்தகம். சத்தமாக வாசித்துப் பார்த்து, நடிகரின் குரல் தானாக உயரும் சொல்லை எடுத்துவிடுங்கள்.

பெயர்களிலும் ஒரு வேலை இருக்கிறது. படத்தில் நாயகன் கிராலிக், நாயகி கிளாரா. தமிழ்க் காதுக்கு இரண்டும் 'கி'யில் தொடங்கிக் குழப்பும். இசைநாடகத்தில் கியார்க், அமாலியா என்று மாற்றியிருக்கிறார்கள், மேடைக்கு அதுவே வசதி. நீங்கள் எந்தப் பெயரை வைத்தாலும் முதல் எழுத்து வேறாக இருக்கட்டும்.

ஜன்னல் காட்சி

நாடகத்தின் அச்சாணி இது, ஒத்திகை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கை இதற்கே ஒதுக்குங்கள். நாயகனின் நண்பரான பெரியவர் காபிக்கடை ஜன்னல் வழியே பார்க்கிறார். உள்ளே மேசையில் 'அன்னா கரேனினா' புத்தகம், அதில் அடையாளப் பூவாகச் சிவப்புக் கார்னேஷன். உட்கார்ந்திருப்பது யார் என்று பெரியவருக்குத் தெரிந்துவிட்டது. எப்படிச் சொல்வது என்று தவிக்கிறார்.

இரண்டு ஆண்களையும் ஜன்னலுக்கு முன்னால் முதுகு காட்டி நிறுத்துவது வழக்கமான பிழை. கண்ணாடி இல்லாத ஜன்னல் சட்டத்தை மேடையின் முன்விளிம்பில் ஓரமாக, சபையைப் பார்த்து வையுங்கள். பெரியவர் சட்டத்துக்குப் பின்னால் நின்று சபையை நோக்கிப் பார்ப்பார், அவள் முன்னால் இருப்பதாகப் பாவனை. நிஜத்தில் அவள் மேடையின் மறு ஓரத்தில், மங்கிய வெளிச்சத்தில், மேசையோடு. இரண்டு முகமும் சபைக்குத் தெரியும். நாயகன் மட்டும் சுவரில் சாய்ந்து, எதையும் பார்க்க முடியாத கோணத்தில்.

வாக்கிய அமைப்பு இங்கே உயிர். 'கிளாராதான் அங்க உக்காந்திருக்காங்க' என்று எழுதினால் முதல் சொல்லிலேயே குட்டு உடைந்து, மீதி நான்கு நொடி வீணாகிறது. தமிழில் வினையைப் பெயராக்கி, ஆளைக் கடைசிக்குத் தள்ளலாம்: 'அங்க உக்காந்திருக்கிறது… கிளாரா.' பெயருக்கு அப்புறம் ஒரு சொல் கூட வேண்டாம். அவனுடைய எதிர்வினை, சபை சிரித்து ஓய்ந்த பிறகு.

வேற்றுமொழிக்காரர் முன் நடத்தி, மேடைக்கு மேலே சப்டைட்டில் ஓட்டினால் இதே கவனம் திரைக்கும் வேண்டும். ஒரு ஸ்லைடில் இரண்டு வரிக்கு மேல் போடாதீர்கள். பெயர் மட்டும் தனி ஸ்லைடில். நேரம் வைத்துத் தானாக ஓடவிட்டால் நடிகர் ஒரு நொடி தாமதித்தாலும் சபை முன்பே சிரித்துவிடும், நடிகர் தடுமாறுவார். ஒத்திகை முழுக்கக் கூட இருந்த ஒருவர், கையால் அழுத்தட்டும்.

இடம் மாற்றுவதா?

லூபிச் ஆங்கிலத்தில் எடுத்தும் கதையைப் புடாபெஸ்ட்டிலேயே வைத்தார். அப்படியே வைப்பது கௌரவமான வழி, செலவும் குறைவு. தமிழ்நாட்டுக்கு மாற்றினால் காலத்தைக் கைப்பேசிக்கு முன்னால் வைத்தே ஆக வேண்டும். முகப்புப் படம் பார்க்க முடிகிற காலத்தில் கதை முதல் நாளே முடிந்துவிடும். 1970களின் ஜவுளிக்கடை பொருந்தும். கிறிஸ்துமஸ் விற்பனைக்குத் தீபாவளி விற்பனை, கூடவே போனஸ் பதற்றம். வேலை போய்விடுமோ என்ற பயம் இந்தக் கதையின் அடித்தளம், அதைக் குறைக்காதீர்கள். முதலாளியை 'முதலாளி' என்றும், மூத்த விற்பனையாளரை 'அண்ணே' என்றும், எடுபிடிப் பையனைத் 'தம்பி' என்றும் அழைத்தால் உறவுமுறை தானே விளங்கும்.

கடையில் விற்காமல் கிடக்கும், திறந்தால் பாடும் சிகரெட் பெட்டிக்குப் பதில் வெற்றிலைச் செல்லம் வைக்கலாம். இதன் ஒலிக்குச் சிறிய ஸ்பீக்கரைக் கவுன்டருக்கு அடியிலேயே, வயரில் இணையுங்கள். புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதிக்கும். மூடி திறந்து அரை நொடி கழித்துப் பாட்டு வந்தால் சிரிப்பு இல்லை. அரங்கத்தின் பெரிய ஸ்பீக்கரிலிருந்து வந்தால் பெட்டி பாடுவதாகவே தோன்றாது.

பின்பாதியில் ஒரு ஆபத்து. உண்மை தெரிந்தும் அவன் சொல்லாமல் இழுத்தடிப்பது இன்றைய சபைக்குக் கொடுமையாகப் படும், குறிப்பாகப் பெண்களுக்கு. அது நியாயமான கோபம். எனவே ஜன்னல் காட்சிக்கும் முடிவுக்கும் நடுவே 40 நிமிடத்தைத் தாண்டாதீர்கள். குறைந்தது இரண்டு இடத்தில் அவன் சொல்ல வாயெடுத்து, வெளிக்காரணத்தால் தடைபட வேண்டும். அவள் காய்ச்சலில் கிடக்கும் காட்சியில், தன்னால்தான் என்ற குற்ற உணர்ச்சி அவன் முகத்தில் தெரியட்டும்.

கடைசிக் காட்சி

கடை மூடியாகிவிட்டது, இருவர் மட்டும். படத்தில் அவன் பெட்டி எண்ணைச் சொல்லித் தன்னை வெளிப்படுத்துகிறான். தமிழில் அந்த இடத்துக்கு இன்னொரு சாவியும் நம்மிடம் இருக்கிறது: இதுவரை பேச்சுத் தமிழ் மட்டுமே பேசிய அவன், முதல் முறையாக எழுத்துத் தமிழில், அவளுக்கு எழுதிய கடிதத்தின் ஒரு வரியைச் சொல்ல வேண்டும். 'குடை இருந்தும் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனேன்.' மெதுவாக, குரல் உயர்த்தாமல். காலர் மைக் இருந்தால் இந்த ஒரு வரிக்கு ஒலியைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லுங்கள், நடிகரைக் கத்த வைக்காதீர்கள். இந்த வரி வேலை செய்ய, முதல் பாதியில் அதைச் சபை ஒரு முறையாவது முழுதாகக் கேட்டிருக்க வேண்டும்.

படம் முடிவதோ கால்சட்டையைத் தூக்கிக் காட்டுவதில். அவன் கால் வளைந்ததா என்று அவளுக்குச் சந்தேகம். இதை வைப்பதானால் வளைந்த கால் பற்றிய கிண்டலை முன்பே விதைத்திருக்க வேண்டும். நாயகன் வேட்டி கட்டக்கூடாது, வேட்டியைத் தூக்குவதற்கு நம் ஊரில் அர்த்தமே வேறு. முழுக்கால் சட்டை, கணுக்காலுக்கு மேல் வரை இறுக்கமில்லாமல் ஏறும் தையல். அவன் இரண்டு காலையும் தூக்கிக் காட்டி, அவள் குனிந்து பார்த்து, நிமிர்ந்ததும் மூன்று எண்ணிக்கை வெளிச்சம் அப்படியே நிற்கட்டும். பிறகு கவுன்டரில் இருக்கும் வெற்றிலைச் செல்லத்தின் மூடியை அவள் திறக்க, பாட்டின் முதல் வரியோடு விளக்கு அணையலாம்.